ஊட்டிச் சவுக்கும் ஒரு சாண் பேச்சும்

அந்தச் சனிக்கிழமை காலை மரத்தடியில் இருந்தவர்கள் ஐந்து பேர். செங்கோடக் கவுண்டர், அவர் மனைவி பாவாயி அம்மாள், கவுண்டரின் லாரி ஓட்டும் பெருமாள், மாட்டுக்கொட்டகை கூட்டும் நல்லம்மா, நான். பக்கத்தில் ஓர் எருமை கட்டியிருந்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. கூலிப் பேச்சு இந்த ஐந்து பேர் முன்னிலையில்தான் நடந்தது. பின்னால் யாரும் அதை வேறு மாதிரி சொல்லிவிடக் கூடாது என்று முதலிலேயே எழுதி வைக்கிறேன். நான் எதற்கும் பயப்படுகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு எழுத்தின் மேல் நம்பிக்கை கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

என் பெயர் சவரிமுத்து. வாழப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோட்டத்தில் ஒட்டுக் கட்டுகிறேன். மாவைத் தவிர வேறு மரத்தில் கத்தி வைத்தவன் இல்லை. சேலத்துக்கு மேற்கே கால் வைத்தவனும் இல்லை. என் அண்ணன் அருளப்பன் எனக்கு நேர் எதிர். லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு மேற்கே போனான். செங்கோடக் கவுண்டரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு லாரி வாங்கினான். ஊட்டிக்கு அரிசி ஏற்றிப் போய் உருளைக்கிழங்கு ஏற்றி வருவான். அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வருடம் மழையில் மலை இறக்கத்தில் லாரி உருண்டது. உடலைக் கொண்டுவந்த அன்றே எங்கள் வேதக்கோயில் பங்குக் கல்லறையில் அடக்கம் செய்துவிட்டோம். கவுண்டருக்குச் செய்தி தெரிந்து அவர் வந்து சேர்ந்தபோது குழியை மூடியிருந்தார்கள். மூடின மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு போய்விட்டார்.

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை பெருமாள் எங்கள் வீட்டு வாசலில் லாரியை நிறுத்தினான்.

“கவுண்டரு உங்களக் கூட்டியாரச் சொன்னாருங்க. கத்தியோட.”

உள்ளே இருந்த அண்ணி பதறி வெளியே வந்தார். “கத்தி எதுக்குப்பா?”

“ஒட்டுக் கட்டற கத்திங்க அம்மா. உங்கூட்டுக்காரரு எங்க கெணத்து மேட்டுல ஒரு மரம் வெச்சாருல்ல, ஊட்டிச் சவுக்கு? அது சாவுதுங்க. சாவறதுக்குள்ள அதுல ஒரு கன்னு எடுத்து அவரு கல்லறையில வெக்கோணும்னு கவுண்டரு ஒத்தக்கால்ல நிக்கறாரு.”

அந்த மரத்தின் கதை எங்களுக்குத் தெரியும். லாரி வாங்கின புதிதில் அண்ணன் ஊட்டியிலிருந்து பிஸ்கட் டின்னில் இரண்டு கன்றுகள் கொண்டுவந்தான். விறகுச் சவுக்கு இல்லை, கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கிளை ஒடித்து வைப்போமே, அந்த மலை மரம். ஒன்றை எங்கள் வாசலில் வைத்தான், ஒன்றைக் கவுண்டர் தோட்டத்தில் வைத்தான். எங்களுடையது ஒரு கோடை தாங்கவில்லை. அங்கே வைத்தது ஆள் உயரம் தாண்டி, ஓட்டு வீட்டு உயரம் தாண்டி வளர்ந்ததாகச் சொல்வான்.

பெருமாள் தண்ணீர் குடிக்கப் போனதும் அண்ணி குரலைத் தாழ்த்தினார். “தம்பி, கல்லறையில மரம் வெக்க சாமியார் விடமாட்டாரே?”

விடமாட்டார். முன்பொரு தடவை யாரோ வைத்த புங்கமரம் வேர்விட்டு மூன்று கல்லறைகளைப் பிளந்துவிட்டது. அன்றிலிருந்து கல்லறைத் தோட்டத்தில் துளசி கூட வைக்கக் கூடாது என்று எங்கள் பங்குச் சாமியாரின் உத்தரவு. இதைப் பெருமாளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போய்ப் பார்த்துவிட்டு, ஒட்டுப் பிடிக்காது என்று சொல்லித் திரும்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். என் பையில் கத்தி, சாணைக்கல், நனைத்த வாழைநார், ஜெபமாலை, அண்ணி கட்டிக் கொடுத்த புளிச்சோறு. லாரியின் முன் சீட்டில் நான் உட்கார்வது அதுதான் முதல் தடவை. சேலம் தாண்டும் வரை தைரியமாகத்தான் இருந்தேன்.

“ஏனுங்க, அந்தக் கம்பிய அப்புடிப் புடிக்கறீங்க? அது கழண்டு வந்தா எம்பேர்லதான் கணக்கெழுதுவாரு கவுண்டரு.”

“வண்டி கொஞ்சம் மெதுவாப் போனா நல்லதுப்பா.”

“இதுக்கும் மெதுவாப் போனா பின்னால வார மாட்டுவண்டிக்காரன் வைவானுங்க.”

கொஞ்ச தூரம் போனதும் அவனாகவே வேகத்தைக் குறைத்தான். அண்ணனிடம் கிளீனராக இருந்தவன் அவன். லாரி உருண்ட அன்றைக்குக் காய்ச்சல் என்று வண்டியில் ஏறவில்லை. “எறக்கத்துல கியரு மாத்தாதடான்னு அவருதானுங்க எனக்குச் சொல்லிக் குடுத்தாரு” என்றான்.

எங்கள் பக்கம் எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரு மலை முதுகு காட்டிக்கொண்டு நிற்கும். மேற்கே அது இல்லை. சங்ககிரிக் கோட்டை மலை ஒன்று, தூரத்தில் திருச்செங்கோட்டு மலை ஒன்று, தனித்தனியாக நிற்கின்றன. மற்றதெல்லாம் பனையும் கிளுவை வேலியும் ஆடிக் காற்றும்தான். காற்றைத் தடுக்க ஒன்றுமே இல்லாத ஊரில் ஜனங்கள் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று யோசித்தேன். சங்ககிரியில் டீ குடித்தபோது கிளாஸின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு குடித்தேன். இல்லையென்றால் பாதி மண்.

இன்னொரு கவலையும் கூடவே வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. நாங்கள் வெள்ளிக்கிழமை மாமிசம் தொடமாட்டோம். தோட்டத்து வீட்டில் விருந்தாளி வந்தால் கோழி அடிப்பார்கள் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். இலையில் வைத்ததை வேண்டாம் என்றால் அவர்களுக்கு வருத்தம், தின்றால் எனக்குப் பாவம். என்ன சொல்லித் தப்பிப்பது என்று வழி நெடுக வாக்கியம் கட்டிக்கொண்டே போனேன்.

கவுண்டர் வேலிப்படலைத் திறந்துவிட்டு நின்றார். “வாங்க தம்பி” என்றார். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கும் அண்ணனுக்கும் ஒரே தாடை. பிறகு என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

இரவு அரிசியையும் பருப்பையும் ஒன்றாக வேகவைத்த சோறு, மேலே நெய். எங்கள் பக்கம் இதைப் பார்த்தால் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பார்கள். நான் மூன்று தடவை வாங்கித் தின்றேன். “உங்கண்ணனும் இதையேதான் கேப்பாருங்க” என்றார் பாவாயி அம்மாள். “கோழி அடிக்கறமுன்னாலும் அரிசிம்பருப்புதான் வேணும்பாரு.”

கோழி என்ற பேச்சு வந்ததும் நான் கட்டி வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். அது பாதி வழியில் சிக்கிக்கொண்டது. அந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

“அட சாமி, நாளைக்கி ஆடி வெள்ளிங்க. எங்கூட்லயும் கவுச்சி ஆகாது. நீங்க ஒண்ணும் பயந்துக்காதீங்க.”

ஆனால் அவர்களுடைய ஆடி வெள்ளிக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. காலையில் நான் கத்தியைத் தீட்டிக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் குறுக்கே வந்து நின்றார். “பச்சையா நிக்கறதுல இன்னைக்கிக் கத்தி வெக்கக் கூடாதுங்க. நாளைக்கி ஆகட்டும்.” கத்தியை மடக்கினேன். ஒரு நாள் முழுக்க மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை.

அண்ணன் பொய் சொல்லவில்லை. ஓட்டு உயரத்தைவிடப் பெரிய மரம். ஆனால் இரண்டு வருடமாக மழை இல்லை, கிணறு அடியில் போய்விட்டது. உச்சியிலிருந்து பாதி வரை செங்கல் நிறத்தில் காய்ந்திருந்தது. நடுவே இரண்டு மூன்று கிளைகள் அரைப்பச்சை. கீழே, பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் பக்கம், ஒரே ஒரு கிளை நல்ல பச்சை. அந்தக் கிளையின் நுனியைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினேன்.

அங்கே குடம் பருமனில் ஒரு கொத்து. ஒரே இடத்திலிருந்து நூற்றுக்கணக்கான சிறு குச்சிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிளம்பியிருந்தன. விரல் நுழையாது. மரத்தின் மற்ற இலையைவிட அதன் இலை பொடியாக, இறுக்கமாக இருந்தது. “காக்காக்கூடுன்னுதானுங்க மொதல்ல நெனச்சோம். நாலு வருசமாச்சு, ஒரு காக்காயும் முட்டை உடலை” என்றான் பெருமாள்.

எங்கள் மாந்தோட்டத்தில் பூவோ கொழுந்தோ இப்படிக் கொத்துக் கொத்தாகத் திரண்டால் அது நோய். உடனே வெட்டு, அன்றே கொளுத்து. வெட்டுகிறவன் ஒட்டுக் கத்தியால் வெட்டக் கூடாது. அந்தக் கத்தி பட்ட கன்றுக்கெல்லாம் நோய் போகும். இதை எனக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் அந்தக் கிளைப் பக்கமே போகவில்லை. கையைக்கூட இரண்டு தடவை கழுவிக்கொண்டேன்.

சாயங்காலம் கவுண்டர் கிணற்று மேட்டில் வந்து உட்கார்ந்தார். அதிகம் பேசாதவர். பேசும்போது தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

“நட்ட அன்னிக்கி நாந்தானுங்க தம்பி குழி தோண்டுனேன். அருளு கன்னை எறக்குனான். ரெண்டு பேருமாச் சேந்து மண்ணு தள்ளுனோம்.” உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு, “அங்க உங்கூர்ல, அவனுக்கு மண்ணுப் போடறப்ப நானில்லீங்க” என்றார்.

நான் மடக்கின கத்தியைத் துணியில் துடைத்தேன்.

“பெருமாளு ஊட்டியிலிருந்து பன்னண்டு கன்னு கொண்டாந்துருக்கறான். அதுல ஒண்ணை வெச்சா ஆகாதான்னு பாவாயி கேக்கறா. ஆகாதுங்க. அது அவன் கை பட்டதில்லையே. இந்த மரத்துல ஒரு துளி அங்க நிக்கோணும். கல்லறையில நட உடுவாங்கல்லங்க?”

“சாமியாரக் கேக்கணுங்க” என்றேன். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை. அன்று நான் சரியாகத் தூங்கவில்லை.

சனிக்கிழமை காலை முதலில் சொன்ன ஐந்து பேரும் மரத்தடியில் கூடினோம். கூலி என்ன என்று கவுண்டர் கேட்டார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒட்டுக் கட்டிய அன்று கூலி வாங்கமாட்டோம். கட்டின இடத்துக்கு மேலே புதிதாக ஒரு சாண் வளர்ந்த பிறகுதான் வாங்குவோம். அதற்கு முன்னால் கை நீட்டினால் ஒட்டு விட்டுப்போகும் என்று பயம். மாவில் ஒரு சாண் என்பது ஒரு மழைக்காலம். அதை அவரிடம் சொன்னேன்.

“ஒரு சாண்னா, ஆரு சாணுங்க?”

“உங்க சாண்தாங்க.”

“எவ்வளவு?”

மாவுக்குச் சில அணாதான். ஆனால் இது மா இல்லை. வாய் தவறி ஒரு ரூபாய் என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அதிகமோ என்று காது சூடானது.

கவுண்டர் வலது கையை விரித்துக் கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை பார்த்தார். “ஒரு ரூபா. எஞ் சாணுக்கு ஒரு சாண். பாவாயி, கேட்டுக்க. பெருமாளு, நீயும் கேட்டுக்க.”

“எருமையும் கேட்டுக்கிச்சுங்க” என்றான் பெருமாள்.

டின்களில் இருந்த ஊட்டிக் கன்றுகளில் ஆறை எடுத்தேன். நடு மரத்தில் அரைப்பச்சையாக இருந்த கிளைகளிலிருந்து குச்சி வெட்டினேன். மாவுக்குச் செய்வதைப் போலவே எல்லாம் செய்தேன். குச்சியின் இலையை மொட்டையாக உரித்தேன். கன்றின் தலையை ஒட்டுக்கு மேலே வெட்டினேன். பட்டையைச் சீவி, குச்சியைச் செருகி, வாழைநார் சுற்றி, களிமண் பூசினேன். நல்ல சுத்தமான வேலை. நோய்க் கொத்தைக் காட்டி, “நான் கிளம்பினதும் அதை அரிவாளால வெட்டிக் கொளுத்திடுங்க. இந்தக் கன்னுகிட்ட அண்ட விடாதீங்க” என்றேன். நல்லம்மா தலையாட்டினாள்.

மறுநாள் ஞாயிறு, கோயில் பூசை தவறக் கூடாது. பெருமாள் ஆத்தூருக்கு ஜவ்வரிசி லோடு எடுக்கப் போனான். அவனோடு ஊர் திரும்பினேன்.

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு சாமியாரிடம் போய் நின்றேன். பிரான்சு தேசத்துக்காரர். தமிழ்நாட்டுக்கு வந்து முடி நரைத்தவர். புத்தகத் தமிழ் பேசுவார், கோபம் வந்தாலும் ‘நீர்’ என்றுதான் சொல்லுவார்.

“மரம் வேண்டாம் என்று உம்முடைய அண்ணியிடம் முன்பே சொல்லியிருக்கிறேன், சவரிமுத்து.”

“சாமி, அது வந்தாலும் வராதுங்க. மரமே நோய்ப்பட்டது.” அவர் மனம் இளகட்டும் என்று மரத்தின் நிலைமையை விவரித்தேன். கொத்தைக் கையால் காட்டினேன். குடம் அளவு, பொடி இலை, விரல் நுழையாத நெருக்கம்.

சாமியார் எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். “அந்தக் கொத்து உயிரோடு இருக்கிறதா?”

“மரத்துலயே அதுதாங்க நல்ல பச்சை.”

“அதை என்ன செய்தீர்?”

“வெட்டிக் கொளுத்தச் சொல்லிட்டு வந்தேன் சாமி.”

“கெடுத்தீர்” என்றார்.

பிறகு சொன்னார். அவர் பிறந்த ஊரில் மலைச்சரிவு முழுக்க இந்த ஜாதி மரங்கள். எங்கேயாவது ஒரு மரத்தில், ஒரே ஒரு கிளையில், அப்படிக் கொத்து விழும். சூனியக்காரி தன் விளக்குமாற்றை மரத்தில் மறந்துவிட்டுப் போனாள் என்று அங்கே பாட்டிமார்கள் சொல்வார்கள். தோட்டக்காரர்கள் அதை நம்பாமல் ஏணி போட்டு ஏறுவார்கள். அதிலிருந்து குச்சி எடுத்து வேறு கன்றில் ஒட்டினால் வருகிற மரம் கொத்தாகவே இருக்கும், வளரவே வளராது. அவர் படித்த குருமடத்துத் தோட்டத்தில் அப்படி ஒன்று இருந்தது. அவருடைய தகப்பனார் காலத்தில் வைத்தது. அவர் படிக்கும்போதும் அவருக்கு முழங்கால் உயரம்தான்.

“வேர் கூடச் சிறியதுதான். பக்கத்துக் கல்லறையைத் தொடாது. அப்படி ஒன்று கொண்டுவருவீரானால், சவரிமுத்து, நானே ஜெபம் சொல்லி மந்திரித்து நடுவேன்.”

நான் வீட்டுக்குக் கூடப் போகவில்லை. கோயில் வாசலில் அண்ணியிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன். இடையில் ஓரிடத்தில் ரேடியேட்டர் கொதித்து பஸ் நின்றது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் ரோட்டில் முன்னும் பின்னும் நடந்தேன். கடலைக்காய் மூட்டை வைத்திருந்த ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏனுங்க தம்பி, எழவு ஊடுங்களா?”

“இல்லைங்க. ஒரு சீமாறைக் கொளுத்தச் சொல்லிட்டேன். கொளுத்தறதுக்குள்ள போகணும்.” அவர்கள் பக்கம் விளக்குமாற்றுக்கு அதுதான் பெயர் என்று பெருமாள் சொல்லிக் கேட்டிருந்தேன்.

பெரியவர் நெடு நேரம் யோசித்தார். “சந்தையில ரெண்டணாவுக்கு நல்ல சீமாறே தாராங்களே” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. பாவம், எனக்கு உதவத்தான் பார்த்தார்.

சங்ககிரி போய்ச் சேர்ந்தபோது கவுண்டர் தோட்டத்துப் பக்கம் போக வண்டி எதுவும் இல்லை. டயர் கடை வாசலில் முடங்கிக் கிடந்தேன். திங்கள் காலை பருத்திக்கொட்டை ஏற்றிய வண்டியில் இடம் கேட்டு ஏறினேன். தோட்டத்தை நெருங்கும்போது வேலிக்கு மேலே புகை தெரிந்தது. வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தேன். முழங்கால் சிராய்த்தது.

புகை மாட்டுக்குத் தீவனம் காய்ச்சுகிற அடுப்பிலிருந்து வந்தது. மரத்தின் கீழ்க்கிளை இருந்த இடத்தில் வெள்ளையாக வெட்டுத்தடம். கொத்து இல்லை.

“நல்லம்மா, அந்தக் கொத்து எங்கம்மா?”

நல்லம்மா கொட்டகைக்குள்ளிருந்து நிமிர்ந்தாள். அவள் கையில் இருந்தது. சாணித் தண்ணீரில் முக்கி முக்கித் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“நல்ல சீமாறுங்க சாமி. எத்தனை அடர்த்தி பாருங்க. இதைப் போயி ஆராச்சுங் கொளுத்துவாங்களா?” பிறகு என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். “கொளுத்தோணுமுன்னா இப்பவே கொளுத்திப்போடறனுங்க.”

“வேண்டாம், வேண்டாம்” என்று இரண்டு கையாலும் வாங்கினேன். மாட்டு மூத்திரமும் சாணியுமாக நாறியது. கழுவினேன். வெளிக்குச்சிகள் ஒடிந்து நைந்திருந்தன. உள்ளே விரித்துப் பார்த்தால் இலை பச்சை. நகத்தால் பட்டையைக் கீறினேன். ஈரம். இரண்டு நாள் ஆடிக் காற்றில் அது காயாமல் இருந்ததற்குச் சாணித் தண்ணீர்தான் காரணம்.

பிறகு, நான் சனிக்கிழமை கட்டின ஆறு ஒட்டுகளையும் போய்ப் பார்த்தேன். உரித்த குச்சிகள் நுனியிலிருந்து கருத்திருந்தன. ஒன்றை ஒடித்தேன், பொரிகடலை மாதிரி உடைந்தது. நான் பத்திரமாகச் செய்தது செத்துவிட்டது. தரையில் அடித்துப் பெருக்கியது பிழைத்திருந்தது. வித்தியாசம் ஒன்றுதான். ஒன்றுக்கு இலை இல்லை, ஒன்றுக்கு இலை இருந்தது. மாங்குச்சியின் கணுவில் மொட்டு உறங்கும், இலையை உரித்தால் அது விழிக்கும். இந்த மரத்துக்கு அப்படி எதுவும் இல்லை. இலைதான் அதன் உயிர். அதை நான் என் கையால் உரித்திருந்தேன்.

மீதியிருந்த ஆறு கன்றுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொத்தின் நடுவிலிருந்து விரல் நீளக் குச்சிகள். செருகுகிற அடிப்பாகத்தைத் தவிர ஓர் இலையையும் தொடவில்லை. கன்றின் தலையையும் வெட்டவில்லை. பக்கவாட்டில் சீவி அணைத்துக் கட்டினேன். இருபது வருடம் கட்டினவன், முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினேன். கவுண்டர் குனிந்து நார் பிடித்துக் கொடுத்தார். சாமியார் சொன்னதை அவரிடம் சொன்னேன். கல்லறையில் மரம் நட முன்பு அனுமதி இல்லாததை மறைத்ததையும் சொன்னேன்.

“அது தெரியுமுங்க தம்பி” என்றார். “வெள்ளிக்கெழம நீங்க சொன்ன பதில்லயே தெரிஞ்சு போச்சு.”

“அப்புறம் ஏங்க என்னைக் கட்டச் சொன்னீங்க?”

“மரம் சாமியாரு மனசு எறங்கி வாரவரைக்கும் காத்துட்டிருக்காதுங்களே.”

டின்களைத் தண்ணீர்ப் பானைகளுக்கு நடுவில், ஈரச்சாக்குக்குக் கீழே வைத்தோம். பாவாயி அம்மாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பதாகச் சொன்னார். நான் ஊருக்கு வந்து தினமும் மாவில் ஒட்டுக் கட்டினேன், மனசு பானைகளுக்கு நடுவில் இருந்தது. லோடு வரும்போதெல்லாம் பெருமாள் செய்தி சொல்வான். “மூணு போச்சுங்க.” அடுத்த தடவை, “இன்னொண்ணும் போச்சுங்க.” அதற்கு அடுத்த தடவை வண்டியை நிறுத்தாமலே ஜன்னல் வழியாக இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் போனான்.

இரண்டில் ஒன்று ஐப்பசி மழையில் அழுகியது. ஒன்று நின்றது.

கல்லறைத் திருநாள் அன்று கவுண்டர் வந்தார். வழி முழுக்க டின்னை மடியிலேயே வைத்திருந்தாராம். பெருமாள் சொன்னான். டின்னைத் தவிர ஒரு துணி முடிச்சும் கொண்டுவந்திருந்தார். கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவத்தி, சாமந்தி, ஜனம். சாமியார் தீர்த்தம் தெளித்தார். அண்ணி முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அண்ணனின் தலைமாட்டில் சிறு குழி எடுத்துக் கன்றை இறக்கினேன். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பச்சை உருண்டை, அவ்வளவுதான்.

மண் தள்ளக் கையை நீட்டினேன். “இருங்க தம்பி” என்றார் கவுண்டர். முடிச்சை அவிழ்த்தார். அவர் கிணற்று மேட்டுச் செம்மண். மண்டியிட்டு, இரண்டு கையாலும் அள்ளி, குழியில் போட்டார். முழுவதையும் போட்டு முடிக்கிற வரை யாரும் அவருக்கு உதவவில்லை. முடிந்ததும் அண்ணி ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். அவர் அதைக் கை கழுவாமல் கன்றுக்கு ஊற்றினார்.

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு மடியிலிருந்து ஒரு ரூபாய் எடுத்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். “ஒரு சாண் ஆகலைங்க” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார். அந்த ரூபாயை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் வருகிறார். எந்த வருடமும் தவறவில்லை. அண்ணி இடியாப்பம் போலச் சந்தகை பிழிந்து வைப்பார், பாவாயி அம்மாள் சொல்லிக் கொடுத்தது. இப்போது எங்கள் வீட்டிலேயே அரிசிம்பருப்பும் செய்கிறார்கள், அதை நோயாளிச் சோறு என்று யாரும் சொல்வதில்லை. மரம் நன்றாக இருக்கிறது. தலையணை மாதிரி தடித்திருக்கிறது, உயரம் மட்டும் போடவில்லை. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் கூட அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கிணற்று மேட்டு மரம் அந்த மார்கழியிலேயே முழுக்கக் காய்ந்துவிட்டது.

கவுண்டர் மெழுகுவத்தி ஏற்றுவார். பிறகு குனிந்து, ஒட்டுத் தழும்பில் கட்டை விரலை வைத்து, கையை மேல் நோக்கி விரிப்பார். சுண்டு விரல் வெறும் காற்றில் நிற்கும். நடுவிரல்கூட இன்னும் இலையைத் தொடவில்லை.

“பாதிதானுங்க தம்பி வந்துருக்குது.”

“பாதி கூட இல்லைங்க.”

“அப்ப அடுத்த வருசம் வந்து பாக்கறனுங்க.”

ஒரு ரூபாய் இன்னும் பாக்கி.